தனியாக வைத்தால்தான் பழகும்!

பறவை விற்கிற கடைகளில் ஒரு வாக்கியம் நெடுநாளாக வழங்கி வருகிறது. ஜோடியாக வாங்கலாமா, ஒன்று போதுமா என்று பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் கடைக்காரர் சொல்லுவார்: "ஒண்ணு போதும் சார். ஜோடியா வெச்சா அதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கொஞ்சிக்கினு கெடக்கும், உங்களாண்ட வராது. தனியா வெச்சாத்தான் பழகும்!"

இந்த ஒரு வாக்கியத்தோடு எனக்குச் சண்டை. அதைத்தான் இங்கே போடப் போகிறேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. பொய்யாக இருந்தால் சண்டையே தேவையில்லை, நாளடைவில் அது தானாகச் செத்துவிடும். இது உண்மை. தனியாக அடைத்து வைத்த பறவை மனிதனிடம் பழகத்தான் செய்கிறது. தோளில் ஏறுகிறது, காதைக் கடிக்கிறது, விசில் அடித்தால் பதிலுக்கு விசில் அடிக்கிறது. தனிக் கொட்டடியில் கிடக்கிற கைதியும் சோறு கொண்டு வருகிற காவலாளியின் காலடிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பான். அதைக் கண்டு, 'பார், என்மேல் எவ்வளவு பிரியம்!' என்று அந்தக் காவலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் அவனை என்னவென்று சொல்லுவோம்? அந்தக் காவலாளியைப் போலத்தான் இன்று நம்மில் பல பேர் வீட்டு வராந்தாவில் கூண்டை மாட்டிவிட்டு நிற்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

காசிமேட்டில் என் சித்தி மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை விசைப்படகில் டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்குகிற காலம் அது. அந்த இரண்டு மாதமும் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கும்பலாக நிற்கும். ஆண்கள் வலை சரி பார்ப்பார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், மீதிப் பொழுதுக்கு வீட்டில் இருப்பார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் மாப்பிள்ளை அந்தப் பறவையை வாங்கி வந்தார். பையன் கேட்டான் என்பது பெயருக்கு ஒரு காரணம். உண்மையில் ஆசைப்பட்டவர் அவர்தான்.

சாம்பல் நிறம், மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தலையில் நிமிர்ந்த கொண்டை. கடைக்காரர்கள் அதைக் 'காக்டெயில்' என்கிறார்கள். சாராயக் கலவைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டச்சுக்காரர்கள் வைத்த பெயர் வாய்க்கு வாய் மாறி அப்படி ஆகிவிட்டது. சின்னக் காக்கட்டூ என்று அதற்கு அர்த்தம். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. பையன் அதற்கு அப்பு என்று பெயர் வைத்தான். கடைக்காரர் சொன்னபடி ஒன்றே ஒன்று. சிறகை நறுக்கிக் கொடுத்திருந்தார். ஒன்றரை அடிக் கூண்டு ஒன்றும் வாங்கியாயிற்று.

இரண்டு மாதம் ராஜபோகம். காலையில் கூண்டைத் திறந்தால் மாப்பிள்ளையின் தோள். இரவு வரை தோள்தான். அவர் பீடி வாங்கப் போனாலும் தோளில் அப்பு. அவர் அடிக்கிற விசில் அத்தனையும் அது கற்றுக்கொண்டது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

ஜூன் 15 வந்தது. படகு போயிற்று.

போனால் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும் திரும்ப. என் தங்கையோ விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து துறைமுகத்து ஏலத்துக்குப் போகிறவள். ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருமுனையில் விற்றுவிட்டு வீடு திரும்ப மத்தியானம் மூன்றாகும். பையன் பள்ளிக்கூடம். பூட்டிய வீட்டில், சமையல் மேடைக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிற கூண்டில், அப்பு.

ஜூலை மாதம் எனக்குப் போன் வந்தது. "ண்ணா, அப்பு ஒடம்புல ஒரு றெக்கை இல்லாம பிச்சிப் போட்டுக்கினு கீது. நீ ஒருவாட்டி வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். நான் கதை எழுதுகிறவன். பார்த்ததை வர்ணிப்பது எனக்குத் தொழில். ஆனாலும் அதை வர்ணிக்க மனம் வரவில்லை. மார்பு முழுக்க வெறும் தோல். இறக்கையின் உட்பக்கம், தொடை எல்லாம் உரித்த கோழி மாதிரி. கூண்டுக்கு அடியில் பஞ்சு பஞ்சாக இறகு. ஆனால் தலை மட்டும் பொன்போல் இருந்தது! கொண்டை கலையவில்லை; கன்னத்து வட்டம் மங்கவில்லை. ஏதோ நல்ல பறவையின் தலையை வேறொரு உடம்பில் ஒட்டி வைத்ததுபோல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, மார்பில் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த ஒரு குருத்தை அலகால் பிடித்து இழுத்தது. வலித்திருக்க வேண்டும், கீச்சென்றது. கத்திவிட்டு அடுத்த குருத்தைத் தேடியது.

அக்கம்பக்கத்தில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. திருஷ்டி என்று ஒரு கிழவி மிளகாய் சுற்றிப் போட்டாள். பூச்சி என்று ஒருவர் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார், பூசியும் விட்டார்கள். இது பெரிய தவறு. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிப் போகும், உடம்புச் சூட்டைக் காக்காது. பறவை அதைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும். கழுத்தில் அட்டைப் பட்டை மாட்டிவிட்டால் அலகு எட்டாது என்று இன்னொரு யோசனை. அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிற வைத்தியம் அது. மூன்றாம் வீட்டுக்காரர் முடிவாகச் சொன்னார்: "இதுக்குக் கொழுப்பு. ரெண்டு நாள் பட்டினி போடு."

பறவைகளைப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மாட்டுக்கும் நாய்க்கும் டாக்டர் கிடைக்கிற அளவுக்குப் பறவைக்குக் கிடைப்பதில்லை. அவர் பொறுமையான மனிதர். முதலில் தலையைத்தான் பார்த்தார். "தலையில் இறகு போயிருந்தால் வேறு பறவை பிடுங்கியிருக்கலாம். தலை நன்றாக இருந்து மற்ற இடம் மொட்டையாக இருந்தால் தானே பிடுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். தன் தலை தன் அலகுக்கு எட்டாது" என்றார்.

பிறகு வரிசையாகக் கேட்டார். பேன், உண்ணி இருக்கிறதா என்று சோதித்தார்; இல்லை. எச்சத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். ஜியார்டியா என்று ஒரு குடல் ஒட்டுண்ணி உண்டு. காக்டெயில்களில் அது அரிப்பைக் கொடுத்து இறகைப் பிடுங்க வைப்பதுண்டு. அதுவும் இல்லை. என்ன தீனி? தினையும் சூரியகாந்தி விதையும்தான். வெறும் விதை தின்கிற பறவைக்கு வைட்டமின் ஏ குறையும், தோல் கெடும். கீரையும் காரட்டும் கொடுங்கள் என்றார். குளிப்பாட்டுகிறீர்களா? இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறது? நான் தங்கையைப் பார்த்தேன். இரவு பதினொன்று வரை டெலிவிஷன், இரண்டரைக்கு விளக்கு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டிய ஜீவனுக்கு மூன்றரை மணி நேரம். கொசுவர்த்திப் புகை? உண்டு. மீன் வறுக்கிற புகை? உண்டு.

கடைசியாகக் கேட்டார்: "கூட வேறு பறவை இருக்கிறதா? பகலில் யார் இருக்கிறார்கள்?"

தங்கை பதில் சொல்லவில்லை.

"தீனி, குளியல், தூக்கம் எல்லாம் மாற்றுங்கள். அவசியம் மாற்றுங்கள். ஆனால் இந்தக் கடைசி விஷயத்துக்கு என்னால் சீட்டில் மருந்து எழுத முடியாது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் என் தங்கை சொன்னாள். அவள் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். ஏனென்றால் இந்தக் கட்டுரைக்கு வரக்கூடிய ஆட்சேபங்களில் அதுதான் பலமானது.

"ஆளு கடலுக்குப் பூட்டா நானுந்தான் ஒண்டியா கெடக்கறேன், ண்ணா. நான் இன்னா, தலமயிரப் பிச்சிக்கினா கெடக்கறேன்? மனுசாளுக்கு இல்லாத நோவு இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துது?"

நியாயமான கேள்வி. வீடு முழுக்கவே பத்துக்குப் பத்து. புருஷன் உயிரோடு திரும்புவானா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கிறவள் அவள். அவளிடம் போய்ப் பறவையின் தனிமையைப் பற்றி உபந்நியாசம் செய்ய எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது சரியல்ல. அவள் ஒண்டியாக இல்லை! இரண்டரை மணிக்கு எழுந்தவுடன் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுகிறாள். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். ஏலத்தில் நூறு பேரோடு முண்டுகிறாள். ஐஸ்காரனோடு சண்டை, வாடிக்கைக்காரியோடு பேரம், வந்ததும் குழாயடியில் ஒரு வழக்கு, மாலையில் வாசற்படியில் நாலு பேரோடு உட்கார்ந்து தலை வாரிக்கொள்ளுதல். காசிமேட்டுப் பெண்களின் தைரியத்தைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் பாதி இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அவளை அந்தப் பத்துக்குப் பத்தில் வைத்து வெளியே பூட்டி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புருஷன் முகத்தை மட்டும் காட்டினால் அவள் தலைமயிரும் மிஞ்சாது.

காக்டெயிலும் கூட்டத்துப் பிராணிதான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட சமவெளிகளில், மழை பெய்த இடத்தையும் தண்ணீர் நிற்கிற இடத்தையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைகிற பறவை அது. ஒரு ஊரில் நிலையாக நிற்காது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே குடித்தனம் நடத்தும். மரப்பொந்தில் முட்டையிட்டால் அடைகாப்பதில்கூட முறை வைத்துக்கொள்ளும் — பகலில் பெரும்பாலும் ஆண், இரவில் பெண். நம் வீடுகளில் எத்தனை புருஷர்கள் அந்த முறைக்குச் சம்மதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

டாக்டர் சொன்ன ஒன்றை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்: தன் தலை தன் அலகுக்கு எட்டாது. அப்படியானால் காட்டில் அதன் தலை இறகை யார் கோதிவிடுகிறார்கள்? துணைப் பறவைதான். ஒன்று தலையைக் குனிந்து கொடுக்கும், மற்றது கொண்டையைப் பிரித்துப் பிரித்துக் கோதும். பிறகு முறை மாறும். மாப்பிள்ளையிடம் அப்பு தலையைக் குனிந்து காட்டுமாம். 'சொறிஞ்சி வுடச் சொல்லுது' என்று அவர் பெருமையாகச் சொல்லுவார். அவரிடம் அது கேட்டது வேறொரு பறவை செய்ய வேண்டிய வேலையை. இன்னொரு பறவை பக்கத்தில் இல்லாமல் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக்கூட முடியாத உடம்பு அதற்கு. அப்படிப்பட்ட உடம்பை ஒற்றையாய்ப் பிரித்து விற்றுவிட்டு, 'பழகும் சார்' என்கிறோம்!

இது என்னுடைய கதாசிரியக் கற்பனை என்று யாராவது சொல்லலாம். கற்பனை அல்ல, ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அமேசான் கிளிகளை வைத்துச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறுங்கூண்டில் வளர்ந்த இளம் கிளிகள் இறகைப் பிடுங்க ஆரம்பித்தன. தேடித் தின்னவும் ஏறி விளையாடவும் சாமான்கள் வைத்த கூண்டில் வளர்ந்தவை அப்படிச் செய்யவில்லை. பிடுங்கிய கிளிகளுக்கும் அந்த வசதியைச் செய்து கொடுத்தபோது இறகு தேறியது. தனியாக வைத்த கிளிகளையும் ஜோடியாக வைத்தவற்றையும் ஒப்பிட்டார்கள்; அர்த்தமில்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற பைத்தியச் சேஷ்டை தனியானவற்றில் வந்தது, ஜோடியில் வரவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜோடியாக வைத்த கிளிகள் மனிதனைக் கண்டு அஞ்சி ஒதுங்கவுமில்லை. வியன்னாவில் 2014இல் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தனியாக வாழ்ந்தவற்றின் உயிரணுக்களில், வயது ஏற ஏறத் தேய்கிற குரோமோசோம் முனைகள், ஜோடியாக வாழ்ந்தவற்றைவிட அதிகம் தேய்ந்திருந்தன. தனிமை மனத்தை மட்டும் அரிப்பதில்லை, அணுவையும் அரிக்கிறது.

சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த பிராணிப் பாதுகாப்பு விதிகளின்படி, கூடி வாழ்கிற கிளி இனங்களை ஒற்றையாக வளர்ப்பதே குற்றம். நம் ஊரில் என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறது. அது பிறந்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. நாட்டியத்துக்குப் பேர் போன ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்கள் அவைக்கு நியமிக்கப்பட்ட பிறகு, வாயில்லாத ஜீவன்களுக்காக மசோதா கொண்டு வந்து வாதாடினார். அதன் பலனாக வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம். 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர்; அதன் தலைமையகமும் பல ஆண்டுகள் சென்னையில் இருந்தது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒரு பிராணி நியாயமாக அசைய இடம் தராத கூண்டில் அதை அடைப்பது கொடுமை என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் என்ன தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! காசிமேட்டில் அந்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு கிலோ சங்கரா மீன் கிடைக்காது.

அதிலும் சட்டம் கேட்பது கூண்டின் நீளம், அகலம், உயரம். உள்ளே எத்தனை பேர் என்று கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் நம் பச்சைக்கிளியைக் காப்பாற்றுகிறது; அதைக் கூண்டில் வைத்தால் குற்றம். காக்டெயில் வெளிநாட்டுப் பறவை. அந்தச் சட்டம் அதைத் தொடாது. அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தத்தில் கிளி இனம் முழுவதையும் சேர்த்துவிட்டு நாலே இனங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாலில் காக்டெயில் ஒன்று. காரணம், அது அருகிப் போகவில்லை; கூண்டிலேயே லட்சக்கணக்கில் பெருகுகிறது. ஆக, எண்ணிக்கை நிறைய இருப்பதே அதற்குக் கேடாய்ப் போயிற்று. ஒரு இனம் அழிந்து போகுமா என்று கவலைப்படுகிற உலகம், ஒரு பறவை அழுகிறதா என்று கேட்பதில்லை.

2015இல் டில்லி உயர் நீதிமன்றம் பறவைகளுக்குப் பறக்க உரிமை உண்டு, அவற்றைக் கூண்டில் அடைக்க மனிதனுக்கு உரிமை இல்லை என்று எழுதியது. படிக்க மனம் குளிர்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டுக் கூண்டைத் திறந்துவிட வேண்டாம். 'புண்ணியமாய்ப் போகும், பறக்க விட்டுடு' என்று என் தங்கையிடமும் ஒருவர் சொன்னார். சிறகு நறுக்கின, கூண்டிலேயே பிறந்த, தீனி தேடத் தெரியாத ஆஸ்திரேலியப் பறவையை மீன்பிடித் துறைமுகத்தில் விட்டால் அங்கே காக்கையும் பருந்தும் காத்துக்கொண்டிருக்கின்றன. அரைமணி நேரம் தாங்காது. அதற்குப் பெயர் விடுதலை அல்ல; பொறுப்பைக் கை கழுவுதல்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. 'ஏழைக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? பெரிய கூண்டும் ஜோடிப் பறவையும் பணக்காரன் பண்ணுகிற காரியம். காசிமேட்டுக்காரன் என்ன செய்வான்?' என்று கேட்பார்கள். நான் காசிமேட்டுக்காரனைத் திட்டவில்லை. குளிர்சாதன அறையில், பித்தளைக் கூண்டில், இறக்குமதித் தீனியோடு ஒற்றைப் பறவையை வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குக் கணவனும் மனைவியும் ஆபீசுக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிற வீட்டிலும் இதே பாவம்தான் நடக்கிறது. பித்தளையைக் கண்டு பறவைக்குத் தனிமை தீராது. மாப்பிள்ளை செய்த குற்றம், கடைக்காரர் சொன்னதை நம்பியது ஒன்றுதான். இருபது வருஷம்கூட வாழக்கூடிய ஒரு ஜீவனை விற்கும்போது, அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதிக் கொடுக்காதவர்கள் மேல்தான் என் கோபம். செருப்பு வாங்கினால்கூட 'தண்ணியில் நனைக்காதீங்க' என்கிறார்கள்!

பழியில் பங்கு போட வேண்டுமென்றால் எங்களைப் போன்ற எழுதுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதாநாயகியின் வீட்டு முற்றத்தில் ஒரு கூண்டுக் கிளியைத் தொங்கவிட்டால் வீட்டுக்கு ஒரு அழகு வந்துவிடும் என்று நினைத்து நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கிளிக்கு அன்று யார் தண்ணீர் வைத்தார்கள் என்று ஒரு வரி எழுதினதில்லை. நம் தெய்வங்களைப் பாருங்கள்: மதுரை மீனாட்சியின் கையில் கிளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் கிளி, அதுவும் இலையாலும் பூவாலும் தினம் புதிதாகச் செய்கிறது. இரண்டும் கையில் இருக்கின்றன, கூண்டில் இல்லை. கூண்டை மாட்டினவர்கள் நாம். மீனாட்சி கோயிலிலேயே கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்திருந்தார்கள். இன்று அங்கே கிளிகள் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. கோயிலே விட்டுவிட்ட வழக்கத்தை நாம் வராந்தாவில் வளர்க்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்துப் பறவையை ஒற்றையாக விற்பது குற்றம் என்று விதியில் ஒரு வரி வேண்டும். பிராணிக் கடைகளுக்கென்று 2018இல் தனி விதிகள் வந்திருக்கின்றன, அதிலேயே சேர்க்கலாம். அந்த வரி வரும்வரை வாங்குகிறவர் தமக்குத் தாமே விதி போட்டுக்கொள்ளட்டும்: இரண்டுக்கு இடமும், இருபது வருஷத்துக்குப் பொறுப்பும், தினம் ஒரு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே பறக்க விடும் பொறுமையும் இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் வாங்காதே. மொட்டைமாடியில் ஒரு சட்டி தண்ணீரும் ஒரு கைப்பிடி அரிசியும் வை. சிட்டும் புறாவும் மைனாவும் வரும், போகும். அவை உன்னிடம் பழகாவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று?

அப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டாக்டர் சொன்னபடி தீனி மாறியது. தங்கை வாரத்துக்கு மூன்று நாள் முருங்கைக்கீரை ஆய்கிறபோது அதற்கும் ஒரு கொத்து வைக்கிறாள். கூண்டு பெரிதாயிற்று; அடுப்பங்கரையை விட்டு ஜன்னல் பக்கம் போயிற்று; எட்டு மணிக்கு அதன்மேல் துணி விழுகிறது. துணைக்கு இன்னொன்று வேண்டுமே என்றபோது மறுபடியும் கடைக்குப் போவதற்கு எனக்குச் சம்மதமில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் இதேபோல் ஒற்றையாக ஒரு பெண் பறவை. அவர்கள் வீடு மாறுகிறார்கள், யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தார்கள். ஏதாவது நோய் இருந்தால் ஒட்டாமல் இருக்க ஒரு மாதம் தனியே வேறு வீட்டில் வைத்திருந்து, பிறகு பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, அப்புறம் ஒரே கூண்டு. மார்பில் இறகு வந்துவிட்டது. இடது தொடையில் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகின் வேர் செத்துவிடுமாம். அந்த இடம் இனி எப்போதும் மொட்டைதான் என்கிறார் டாக்டர்.

போன தடவை கரைக்கு வந்த மாப்பிள்ளை வழக்கம்போல் வாசலில் நின்று விசில் அடித்திருக்கிறார். அப்பு பதில் விசில் கொடுத்தது. ஆனால் தோளுக்கு வர அவசரப்படவில்லை. அந்தப் பெண் பறவை அதன் கொண்டையைக் கோதிக்கொண்டிருந்ததாம்.

"கடைக்காரன் சொன்னது சரிதான், மச்சான். இப்ப என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது" என்றார் என்னிடம். முகத்தில் வருத்தம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அவர் அந்தப் பறவையை உண்மையாகவே நேசிக்கிறவர்.

"பிடுங்கறது?" என்றேன்.

"அது நின்னு போச்சு" என்றார். சிறிது நேரம் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருந்துட்டுப் போவட்டும் மச்சான். நான் கடலுக்குப் போற ஆளு" என்றார்.